செமிகோலன் சண்டையை மெஷினிடம் விட்டுவிடுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு சின்ன வெப் டெவலப்மென்ட் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். எட்டு டெவலப்பர்கள். மூன்று ரிப்போக்கள் (கோட் களஞ்சியங்கள்): வாடிக்கையாளர் தளம், அட்மின் பேனல், நோட் ஏபிஐ. முதல் இரண்டும் ரியாக்ட். மூன்றுமே டைப்ஸ்கிரிப்ட். பாதிப் பேர் விண்டோஸ், மீதிப் பேர் மேக். ரிவியூவில் பாதி நேரம் செமிகோலன், இடைவெளி பற்றிய கமென்ட்டிலேயே போகிறது. போன மாதம் ஒரு ஜூனியர் இரண்டு வரி மாற்றப் போக, எடிட்டர் ஃபைல் முழுவதையும் மாற்றி அடுக்கிவிட்டது. "அண்ணா, நான் ஒண்ணுமே பண்ணலை, சேவ்தான் பண்ணேன்" என்கிறான். அந்தப் பெரிய டிஃப்புக்குள் (மாற்றங்களின் பட்டியலுக்குள்) இருந்த ஒரு பிழை யார் கண்ணிலும் படாமல் லைவுக்குப் போய்விட்டது. கோடில் தப்பு தேடும் இஎஸ்லின்ட் டூலைப் போட்டுப் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் எரர். இரண்டே நாளில் எடுத்துவிட்டோம். எங்கள் சீனியர் ஒருவர், "என் கோடை ஒரு டூல் வந்து திருத்த வேண்டாம்" என்கிறார். எங்கிருந்து ஆரம்பிப்பது? மூன்று ரிப்போவுக்கும் ஒரே செட்டிங்கை எப்படி வைப்பது?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம். கோட் பார்க்க எப்படி இருக்கிறது என்பது ஒன்று: எத்தனை இடைவெளி, ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா, வரி எங்கே உடைகிறது. ஓடும்போது அது தப்பாக எதையாவது செய்யுமா என்பது இன்னொன்று. முன்னது ஃபார்மேட்டரின் வேலை, அதற்கு பிரெட்டியர். பின்னது லின்ட்டரின் வேலை, அதற்கு இஎஸ்லின்ட். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கான்ஃபிக்கில் போட்டால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். இடைவெளி ஒன்று குறைந்ததும், அவெய்ட் (வேலை முடியும்வரை காத்திரு என்று கோடில் சொல்லும் சொல்) ஒன்று விட்டுப்போனதும் ஒரே மாதிரிச் சிவப்புக் கோடாகத் தெரியும். ஆயிரம் சிவப்புக் கோடுகளுக்குள் ஆபத்தான பத்தை யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். டூலை எடுத்துவிட்டதற்காக உங்கள் ஆட்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இஎஸ்லின்ட்டை உருவாக்குபவர்களும் இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். நிக்கோலஸ் சக்காஸ் 2013இல் அதை ஆரம்பித்த பிறகு பல வருடங்கள் அது இரண்டு வேலையையும் பார்த்தது. 2017 ஜனவரியில் ஜேம்ஸ் லாங் பிரெட்டியரை வெளியிட்டார். 2023இல் இஎஸ்லின்ட் 8.53 பதிப்போடு அதன் ஃபார்மேட்டிங் ரூல்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வேண்டுமென்பவர்கள் ஸ்டைலிஸ்டிக் என்ற தனித் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இன்டென்ட் (உள்தள்ளல்), கோட்ஸ் (மேற்கோள் குறி), செமி (செமிகோலன்) என்று ரூல்கள் வரிசைகட்டி நிற்கும் ஒரு ரெடிமேட் கான்ஃபிக் எங்காவது கிடைத்தால் அது பழையது, தொடாதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த 9ஆம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது. ஃபிளாட் கான்ஃபிக் என்பார்கள். பழைய முறையில் எழுதிய டுடோரியல்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. அவற்றில் பாதி, இவற்றில் பாதி என்று எடுத்து ஒட்டினால் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்றே தெரியாது.

சரி, முதலில் பிரெட்டியர். அது உங்கள் கோடைத் திருத்துவதில்லை, திரும்ப எழுதுகிறது. ஃபைலைப் படித்து, கோடின் அமைப்பை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, நீங்கள் போட்ட இடைவெளியையும் வரி உடைப்பையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தூக்கிப்போட்டுவிட்டு, 80 எழுத்து அகலத்துக்குள் முதலிலிருந்து அச்சடிக்கிறது. அதனால்தான் எட்டுப் பேர் எட்டு விதமாக எழுதினாலும் வெளியே வருவது ஒன்றாக இருக்கிறது. சில இடங்களில் மட்டும் உங்கள் விருப்பத்தை மதிக்கும். பத்திகளுக்கு நடுவே விட்ட வெற்று வரி அப்படியே இருக்கும். ஆப்ஜெக்ட்டில் திறக்கும் அடைப்புக்குறிக்கு அடுத்து ஒரு என்டர் தட்டியிருந்தால் அதை ஒரே வரியில் மடக்காமல் விரித்தே வைக்கும். இந்த இரண்டாவது விஷயத்தை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். "எனக்கு ஒரு மாதிரி வருது, அவனுக்கு வேற மாதிரி வருது" என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும்.

அதன் செட்டிங்குகளை ஓட்டுக்கு விடாதீர்கள். ஓட்டெடுத்தால் தோற்றவர்கள் இருப்பார்கள், அடுத்த மாதம் அதே சண்டை திரும்ப வரும். டிஃபால்ட் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ யாரோ எடுத்த முடிவு என்பதால் உங்கள் டீமில் யாரும் ஜெயித்ததாகவோ தோற்றதாகவோ ஆகாது. ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். உங்கள் டீமில் பார்வைக் குறைபாடு உள்ளவர் யாராவது இருந்தால், அல்லது எழுத்தை மிகப் பெரிதாக்கி வேலை செய்பவர் இருந்தால், ஸ்பேஸுக்குப் பதில் டேப் வைத்துவிடுங்கள். டேப்பின் அகலத்தை அவரவர் எடிட்டரில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஸ்பேஸில் அது முடியாது. அழகு பற்றிய வாதங்களை ஒதுக்கலாம், ஒருவர் சிரமமில்லாமல் வேலை செய்ய முடியுமா என்ற கேள்வியை ஒதுக்கக் கூடாது.

இப்போது உங்கள் சீனியர். அவரை மீறி இதைத் திணித்துவிடாதீர்கள். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: அவசியமில்லாத ரூல்கள் நல்ல கோடைக் கெடுக்கும். டெர்னரி (ஒரே வரியில் எழுதும் இஃப்) கூடாது, ஃபங்ஷன் இத்தனை வரிக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் போட்டுவிட்டு, அந்த ரூலைத் திருப்திப்படுத்துவதற்காகத் தெளிவாக இருந்த கோடை நாலாக உடைத்துச் சிதறடிப்பதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அனுபவமுள்ளவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஃபார்மேட்டிங் விஷயத்தில் மட்டும் அவரிடம் விட்டுக்கொடுக்கக் கேளுங்கள். அது வெறும் அழகு விஷயம் என்று அவர் சொன்னால் 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாகச் சரிசெய்த எஸ்எஸ்எல் (பாதுகாப்பான இணைய இணைப்பு) பிழையைச் சொல்லுங்கள். சி மொழியில் எழுதிய கோட். ஒரு இஃப் நிபந்தனைக்குக் கீழே, அடைப்புக்குறி இல்லாமல், "கோட்டு ஃபெயில்" (தோல்விப் பகுதிக்குத் தாவு) என்ற வரி இரண்டு முறை வந்திருந்தது. இரண்டும் உள்தள்ளியே இருந்ததால் இரண்டும் அந்த நிபந்தனைக்குள் இருப்பது போலத் தோன்றியது. உண்மையில் இரண்டாவது வரி நிபந்தனைக்கு வெளியே இருந்தது. எப்போதும் ஓடியது. பின்னால் இருந்த, சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சோதனை நடக்கவே இல்லை. ஃபார்மேட்டர் ஒன்று அந்த ஃபைலைத் தொட்டிருந்தால் இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து, பார்க்கும் யாருக்கும் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

அப்புறம் அவரிடம் ஒரு பொறுப்பையும் கொடுங்கள். லின்ட் ரூல்களை முடிவு செய்வது அவர் தலைமையில் நடக்கட்டும். ஆனால் ரூல் பட்டியலை இணையத்திலிருந்து எடுக்க வேண்டாம், உங்கள் டிக்கெட்டுகளிலிருந்து எடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் லைவில் வந்த பிழைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் "இதை ஒரு ரூல் முன்கூட்டியே பிடித்திருக்குமா?" என்று மட்டும் கேளுங்கள். அப்படி வரும் ரூலை எதிர்க்க யாருக்கும் மனம் வராது. நள்ளிரவில் அந்தப் பிழைக்காக எழுந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்தானே.

அடிப்படைக்கு இஎஸ்லின்ட் தரும் பரிந்துரைத் தொகுப்பும், டைப்ஸ்கிரிப்ட் இஎஸ்லின்ட் தரும் பரிந்துரைத் தொகுப்பும் போதும். ஆனால் டைப்ஸ்கிரிப்ட் தொகுப்பில் இரண்டு வகை உண்டு. டைப் விவரத்தையும் சேர்த்துப் பார்க்கும் வகையை எடுங்கள். ஓட அதிக நேரம் பிடிக்கும்தான். ஆனால் உங்களைப் போன்ற டீமுக்கு மிக உபயோகமான இரண்டு ரூல்கள் அதில்தான் இருக்கின்றன.

ஒன்று, நோ ஃபுளோட்டிங் புரொமிசஸ். புரொமிஸ் என்பது, முடிவு பிறகு வரும் என்று சொல்லிக் கையில் கிடைக்கும் ஆப்ஜெக்ட். உங்கள் ஏபிஐயில் ஆர்டரை டேட்டாபேஸில் சேமிக்கும் வரிக்கு முன்னால் அவெய்ட் விட்டுப்போனது என்று வையுங்கள். டைப்ஸ்கிரிப்ட் வாயைத் திறக்காது, அதன் கணக்கில் அது சரியான கோட். டெஸ்டிங்கிலும் ஓடும், ஏனென்றால் சேமிப்பு எப்படியும் நடந்துவிடும். லைவில் ஒரு நாள் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்திருக்கும். சேமிப்பு முடிந்ததா என்று பார்க்காமலேயே வாடிக்கையாளருக்கு "ஆர்டர் வெற்றி" என்று பதில் போய்விடும். அடுத்த நொடி அந்தப் புரொமிஸ் தோற்கும். அதைப் பிடிக்க யாரும் இல்லை. நோட் 15ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2020இலிருந்து, பிடிக்கப்படாத புரொமிஸ் தோல்வி டிஃபால்ட்டாக மொத்த புராசஸையே நிறுத்திவிடும். ஆர்டரும் போச்சு, சர்வரும் போச்சு. ரிவியூ செய்பவர் கண்ணுக்கு அந்த வரியில் தப்பு எதுவும் தெரியாது, இல்லாத ஒரு சொல்லைத்தானே அவர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நோ மிஸ்யூஸ்ட் புரொமிசஸ். அட்மின் பேனல் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் போட வேண்டும். "இவருக்கு அனுமதி இல்லையென்றால் திருப்பி அனுப்பு" என்று ஒரு நிபந்தனை எழுதுகிறோம். அனுமதியைப் பார்க்கும் ஃபங்ஷன் டேட்டாபேஸைக் கேட்பதால் அது ஏசிங்க், அதாவது பதிலைப் பிறகுதான் தரும். அவெய்ட் விட்டுப்போனால் கையில் இருப்பது ஆம் இல்லை என்ற பதில் அல்ல, ஒரு புரொமிஸ் ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்ட் எப்போதும் உண்மைக் கணக்கு. அதன் முன்னால் இருக்கும் மறுப்புக் குறி அதை எப்போதும் பொய்யாக்கும். ஆக, யாரையும் திருப்பி அனுப்பவே அனுப்பாது. எல்லாருக்கும் கதவு திறந்திருக்கும். இதை எழுதிய டெவலப்பர் அட்மினாகத்தான் லாகின் செய்து சோதித்திருப்பார், அவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். ஒரே ஒரு ரூல் இதைத் தடுக்கும் என்றால் அதற்காகக் கூடுதலாகச் சில நொடி காத்திருக்கலாம்.

ரியாக்ட் பக்கத்துக்கு ஹூக்ஸ் பிளகின் வேண்டும். அதில் ஹூக்கின் டிபென்டென்சி பட்டியலை (எது மாறினால் திரும்ப ஓட வேண்டும் என்ற பட்டியலை)ச் சரிபார்க்கும் ரூல்தான் எல்லாரையும் படுத்தும். அதை அணைத்துவிடாதீர்கள். ஆனால் எடிட்டர் காட்டும் திருத்தத்தை அப்படியே கிளிக் செய்து ஏற்கவும் வேண்டாம் என்று ஜூனியர்களிடம் சொல்லுங்கள். காம்பொனென்ட்டுக்குள்ளேயே உருவாகும் ஒரு ஆப்ஜெக்ட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு ரெண்டருக்கும் அது புதிய ஆப்ஜெக்ட். எஃபெக்ட் திரும்பத் திரும்ப ஓடும், ஏபிஐயை நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ரூல் காட்டுவது உண்மையான பிரச்சினைதான். தீர்வு பல நேரம் அந்த ஆப்ஜெக்ட்டை வெளியே நகர்த்துவதாக இருக்கும், பட்டியலை நீட்டுவதாக இருக்காது. வாடிக்கையாளர் தளத்துக்கு ஜேஎஸ்எக்ஸ் ஏஒன்ஒன்ஒய் பிளகினையும் சேருங்கள். படத்துக்கு மாற்று உரை இல்லாதது, இன்புட்டுக்கு லேபிள் இல்லாதது போன்றவற்றை அது பிடிக்கும். ஸ்கிரீன் ரீடரோடு வருபவர்களுக்கு அந்தச் சின்ன விஷயங்கள்தான் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா இல்லையா என்பதையே முடிவு செய்கின்றன.

கடைசியில் இஎஸ்லின்ட் கான்ஃபிக் பிரெட்டியர் என்ற பேக்கேஜைப் பட்டியலின் இறுதியில் வையுங்கள். பிரெட்டியரோடு மோதும் ரூல் எதுவும் மிச்சமிருந்தால் அது அணைத்துவிடும். பிரெட்டியரையே இஎஸ்லின்ட்டுக்குள் ஒரு ரூலாக ஓட்டும் இன்னொரு பிளகின் இருக்கிறது, பெயர் கிட்டத்தட்ட இதேதான். அதைப் போடாதீர்கள். இடைவெளிக்கெல்லாம் திரும்பவும் சிவப்புக் கோடு வரும், ஆரம்பித்த இடத்துக்கே போய்விடுவீர்கள்.

இனி நடைமுறை. வரிசை இதில் மிக முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அட்மின் பேனலில் ஆரம்பியுங்கள். உள்ளே இருப்பவர்கள் மட்டும் பயன்படுத்துவது, ஏதாவது இடறினாலும் சமாளிக்கலாம்.

முதல் கமிட்டில் கோட் எதையும் தொடாதீர்கள். பிரெட்டியர் கான்ஃபிக், அதன் இக்னோர் ஃபைல், எடிட்டர் கான்ஃபிக், கிட் அட்ரிபியூட்ஸ் ஃபைல், விஎஸ் கோட் ஃபோல்டருக்குள் செட்டிங்ஸ் ஃபைல், இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். பிரெட்டியரின் பதிப்பைத் துல்லியமாக ஒரே எண்ணில் கட்டிவிடுங்கள், முன்னால் கேரட் குறி (^) வேண்டாம். சின்னப் பதிப்பு மாற்றத்தில்கூட அது அச்சடிக்கும் விதம் லேசாக மாறலாம். அப்படி மாறினால் இருவர் மாற்றி மாற்றி ஒரே ஃபைலை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். விஎஸ் கோட் செட்டிங்கில் சேவ் செய்யும்போது ஃபார்மேட் ஆகட்டும் என்றும், ஃபார்மேட்டர் பிரெட்டியர்தான் என்றும் எழுதுங்கள். உங்கள் ஜூனியருக்கு நடந்தது இது இல்லாததால்தான். அவருடைய எடிட்டரில் வேறு ஏதோ ஒரு ஃபார்மேட்டர் சொந்த விருப்பப்படி உட்கார்ந்திருக்கிறது.

பாதி விண்டோஸ், பாதி மேக் என்கிறீர்கள். கிட் அட்ரிபியூட்ஸ் ஃபைல் இதற்குத்தான். விண்டோஸில் கிட்டை இன்ஸ்டால் செய்யும்போது வரும் வழக்கமான தெரிவு, ஃபைல்களை எடுக்கும்போது வரி முடிவுக் குறியை விண்டோஸ் பாணி சிஆர்எல்எஃப் ஆக மாற்றிவிடும். பிரெட்டியரோ 2020இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மேக் பாணி எல்எஃப்தான் வேண்டும் என்கிறது. விளைவு, விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் எல்லா ஃபைலும் தப்பு என்று காட்டும். மேக்கில் எல்லாம் பச்சை. எல்லா டெக்ஸ்ட் ஃபைலுக்கும் வரி முடிவு எல்எஃப் என்று கிட் அட்ரிபியூட்ஸில் ஒரு வரி எழுதி, கிட்டின் ரீநார்மலைஸ் தெரிவோடு ஒரு முறை ஆட் செய்துவிட்டால் தீர்ந்தது. விண்டோஸில் இருப்பவர்கள் அதன் பிறகு ரிப்போவைப் புதிதாக குளோன் செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது கமிட், மொத்த ரிப்போவையும் பிரெட்டியரால் ஓட்டி எடுத்த ரிசல்ட். அதில் வேறு ஒன்றுமே இருக்கக் கூடாது. ஒரு வேரியபிள் பெயர் மாற்றம்கூட. வெள்ளிக்கிழமை மாலை திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளில் முடிந்தவரை எல்லாவற்றையும் மெர்ஜ் செய்துவிட்டு இதைப் போடுங்கள். முடியாமல் நிற்கும் பிராஞ்சுகள் சில இருக்கத்தான் செய்யும், அவற்றை நேராக மெயினோடு மெர்ஜ் செய்யப் போனால் கான்ஃப்ளிக்ட்டில் மூழ்கிவிடுவீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தப் பிராஞ்சில் நின்றுகொண்டு, ஃபார்மேட் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை முதலில் மெர்ஜ் செய்யுங்கள். அது வெறும் கான்ஃபிக், கோட் எதையும் தொடாது. பிறகு அதே பிராஞ்சில் பிரெட்டியரை ஓட்டி கமிட் செய்யுங்கள். இப்போது பிராஞ்சும் மெயினும் ஒரே உருவத்தில் இருக்கின்றன. அடுத்து ஃபார்மேட் கமிட்டை மட்டும் அவர்ஸ் ஸ்ட்ரேட்டஜியில் மெர்ஜ் செய்யுங்கள். அதாவது, "இந்தக் கமிட்டை வாங்கிக்கொண்டேன், ஆனால் என் கோட் இப்படியே இருக்கட்டும்" என்று கிட்டிடம் சொல்வது. அந்தக் கமிட்டில் ஃபார்மேட் தவிர எதுவும் இல்லாததால்தான் இதைப் பயமில்லாமல் செய்யலாம். அதற்கு மேல் வந்த மெயின் மாற்றங்களை வழக்கம்போல மெர்ஜ் செய்துகொள்ளலாம்.

"இப்படிச் செய்தால் கிட் பிளேமில் எல்லா வரியும் ஒருத்தர் பெயரில் வருமே" என்று உங்கள் சீனியர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டுவதுதான் பிளேம். 2019இல் வந்த கிட் 2.23இலிருந்து, பிளேம் பார்க்கும்போது எந்தெந்தக் கமிட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் என்ற பெயரில், முன்னால் புள்ளி வைத்து, ரிப்போவின் மேல்மட்டத்தில் அந்த ஃபைலை வைத்தால் கிட்ஹப் தானாகவே படித்துக்கொள்ளும். அவரவர் கணினியில் மட்டும் ஒரு முறை கிட் கான்ஃபிக்கில் அதைச் சொல்ல வேண்டும். அந்த ரிப்போவுக்கு மட்டும் சொல்லுங்கள். குளோபலாகப் போட்டுவிட்டால், அந்த ஃபைல் இல்லாத மற்ற ரிப்போக்களில் பிளேம் எரர் அடிக்கும். இன்னொன்று: ஸ்குவாஷ் மெர்ஜ் (பல கமிட்டை ஒன்றாக்கிச் சேர்ப்பது) செய்தால் கமிட்டின் ஹேஷ் (அடையாள எண்) மாறிவிடும். ஆகவே மெயினுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும் ஹேஷைத்தான் அந்த ஃபைலில் எழுத வேண்டும். அது மூன்றாவது கமிட்.

இதோடு ஓரிரு வாரம் நிறுத்திக்கொள்ளுங்கள். செமிகோலன் கமென்ட்டுகள் தானாகவே அடங்கிவிடும். அந்த நிம்மதியை டீம் அனுபவித்த பிறகு லின்ட்டைக் கொண்டுவந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும்.

பழைய கோடில் லின்ட் போட்டால் நூற்றுக்கணக்கில் எரர் வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த உட்காராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோடில் அவசரத்தில் கைவைத்தால் புதிய பிழைகள்தான் வரும். எல்லாவற்றையும் வார்னிங் ஆக்கிவிட்டு நகர்ந்துவிடவும் வேண்டாம். வார்னிங்கை முதல் வாரம் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் அது திரையின் ஒரு பகுதியாகிவிடும். என் கொள்கை கண்டிப்பானது: ஒரு ரூல் எரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது. மேக்ஸ் வார்னிங்ஸ் தெரிவைப் பூஜ்யத்தில் வைத்து ஓட்டுங்கள்.

அப்படியானால் பழைய கடனை என்ன செய்வது? 2025 ஏப்ரலில் வந்த இஎஸ்லின்ட் 9.24இல் இதற்கென்றே ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். சப்ரெஸ் ஆல் என்ற தெரிவோடு ஒரு முறை ஓட்டினால், எந்த ஃபைலில் எந்த ரூல் எத்தனை முறை மீறப்பட்டிருக்கிறது என்று ஒரு ஜேசன் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். அதன்பின் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும்வரை பேசாமல் இருக்கும். ஒன்று கூடினாலும் கத்தும். பழைய கோட் அப்படியே ஓடும், புதிய கோட் சுத்தமாக வந்துதான் ஆக வேண்டும். ஒரு ஃபைலைத் திருத்தப் போகிறவர் அதிலிருக்கும் பழைய மீறல் ஒன்றிரண்டையும் சரிசெய்துவிட்டு, புரூன் தெரிவை ஓட்டிக் கணக்கைக் குறைத்துவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். புரொமிஸ் பற்றிய இரண்டு ரூல்களை மட்டும் இந்தச் சலுகையில் சேர்க்காதீர்கள். அவை காட்டும் ஒவ்வொரு இடத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து இப்போதே உட்கார்ந்து பாருங்கள். சில இடங்களில் நிஜமான பிழை கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சில இடத்தில் ரூலை மீறியே ஆக வேண்டியிருக்கும். அந்த வரிக்கு மேல் டிஸேபிள் கமென்ட் போட்டு, இரண்டு ஹைபன் வைத்து, காரணத்தை எழுதச் சொல்லுங்கள். காரணம் இல்லாத டிஸேபிள் ரிவியூவில் தாண்டக் கூடாது. இதற்கு மட்டும் மனிதக் கண் வேண்டும்.

எங்கே ஓட்டுவது என்பதில் நிறைய பேர் கமிட்டின்போது சோதனைகளை ஓட்டும் ஹஸ்கியையும் லின்ட் ஸ்டேஜ்டையும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கமிட் செய்யும்போது ஓடும் ஹூக் ஒரு வசதி, அவ்வளவுதான். நோ வெரிஃபை என்று ஒரு தெரிவு கொடுத்தால் அதைத் தாண்டிவிடலாம். எல்லாரையும் நிறுத்திப் பார்க்கிற ஒரே இடம் சிஐ, அதாவது கோட் வந்ததும் சர்வரில் தானாக ஓடும் சோதனை. அங்கே லாக்ஃபைலின்படி (பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் ஃபைல்) இன்ஸ்டால், பிரெட்டியர் செக், இஎஸ்லின்ட், டைப் செக், டெஸ்ட் என்று ஓட்டி, இவை பச்சையானால்தான் மெயினில் மெர்ஜ் செய்ய முடியும் என்று பிராஞ்ச் புரொடக்‌ஷனில் கட்டாயமாக்கிவிடுங்கள். டீம் லீடான உங்களுக்கும் அதில் விலக்கு வைக்காதீர்கள். ஹூக்கில் வேண்டுமானால் மாறிய ஃபைல்களுக்கு பிரெட்டியர் மட்டும் ஓடட்டும், ஒரு கமிட்டுக்கு அரை நிமிடம் காத்திருக்க வைத்தால் நாலாவது நாள் எல்லாரும் நோ வெரிஃபை பழகிவிடுவார்கள். டைப் விவரம் பார்க்கும் லின்ட்டை சிஐக்கு விட்டுவிடுங்கள்.

பயோம் பற்றியும் யாராவது சொல்வார்கள். ரோம் என்ற திட்டத்தின் தொடர்ச்சியாக 2023இல் வந்தது, ரஸ்டில் எழுதியது, ஃபார்மேட்டும் லின்ட்டும் ஒன்றிலேயே. வேகம் அசத்தலாக இருக்கும். புதிதாக ஒரு சின்ன புராஜெக்ட் ஆரம்பித்தால் தாராளமாக எடுங்கள். இப்போது உங்களுக்குத் தேவை டீமில் ஒரு உடன்பாடு, டூல் ஒப்பீடு இல்லை. டைப் விவரம் பார்க்கும் ரூல்கள் நிறைய இருப்பதால் இப்போதைக்கு இஎஸ்லின்ட்டே உங்களுக்குப் பொருந்தும்.

மூன்று ரிப்போவுக்குப் பொதுவாக வைப்பது பற்றி: ஆரம்பத்திலேயே பேக்கேஜ் செய்யாதீர்கள். அட்மின் பேனலில் ஒரு மாதம் ஓடி, ரூல்கள் ஓரளவு நிலைத்த பிறகு, கான்ஃபிக்கை எடுத்து நிறுவனத்துக்குள் மட்டும் தெரியும் ஒரு பிரைவேட் என்பிஎம் பேக்கேஜாக ஆக்குங்கள். ஃபிளாட் கான்ஃபிக் என்பது வெறும் ஜாவாஸ்கிரிப்ட் வரிசைதான். ஆகவே பேக்கேஜிலிருந்து அடிப்படை, ரியாக்ட், நோட் என்று மூன்று வரிசைகளை வெளியே கொடுத்தால், ஒவ்வொரு ரிப்போவும் தனக்கு வேண்டியதை இம்போர்ட் செய்து விரித்துக்கொள்ளும். பிரெட்டியருக்கு இன்னும் எளிது, பேக்கேஜ் ஜேசனில் ஒரு வரி போதும். பதிப்பு எண் விஷயத்தில் ஒரே ஒரு ஒழுங்கு: நேற்றுவரை பாஸான கோடை இன்று ஃபெயிலாக்கும் எந்த மாற்றமும் மேஜர் பதிப்பு. புதிய ரூல் ஒன்று சேர்ப்பதும் அதில் சேரும். அப்போதுதான் ஏபிஐ டீம் ரிலீஸ் வாரத்தில் இருக்கும்போது அவர்கள் சிஐ திடீரென்று சிவப்பாகாது. அவர்கள் தயாரானபோது மேம்படுத்திக்கொள்வார்கள்.

அந்தப் பேக்கேஜைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள், முக்கியமாகப் பாதுகாப்புக்காக. லின்ட் டூல்கள் லைவில் ஓடுவதில்லை என்பதால் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவை உங்கள் டெவலப்பர்களின் கணினியிலும் சிஐயிலும் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. 2018 ஜூலையில் இஎஸ்லின்ட் ஸ்கோப் என்ற பேக்கேஜின் 3.7.2 பதிப்பாக, என்பிஎம் டோக்கன்களை, அதாவது பேக்கேஜ் வெளியிடும் அனுமதிச் சாவிகளைத் திருடும் கோட் வெளியானது. 2025 ஜூலையில், நான் மேலே உங்களைப் போடச் சொன்ன அதே இஎஸ்லின்ட் கான்ஃபிக் பிரெட்டியரின் பராமரிப்பாளர் ஒரு ஃபிஷிங் மெயிலில் மாட்ட, 8.10.1, 9.1.1, 10.1.6, 10.1.7 ஆகிய பதிப்புகள் விண்டோஸ் கணினிகளைத் தாக்கும் வைரஸோடு வெளியாயின. இன்ஸ்டால் செய்த நொடியிலேயே ஓடக்கூடியது. பாதி விண்டோஸ் வைத்திருக்கும் உங்கள் டீம் இதைத் தூரத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. பேக்கேஜ் நல்லதுதான், அந்த நாலு பதிப்புகள் உங்கள் லாக்ஃபைலில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். லாக்ஃபைலை எப்போதும் கமிட் செய்யுங்கள். சிஐயில் என்பிஎம் சிஐ கட்டளையையே பயன்படுத்துங்கள். புதிய பதிப்பு வந்த அன்றே தாவாமல் ஒரு வாரம் பொறுத்து எடுங்கள். இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டுகள் இல்லாமல் உங்கள் புராஜெக்ட் ஓடுமா என்று ஒரு முறை சோதித்து, ஓடினால் இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ் என்று என்பிஎம் கான்ஃபிக்கில் போட்டுவிடுங்கள். அப்படிப் போட்டால் ஹஸ்கி தானாக இன்ஸ்டால் ஆகாது. புதிதாக குளோன் செய்பவர் அதை ஒரு முறை கையால் ஓட்ட வேண்டும் என்று ரீட்மீயில் எழுதி வையுங்கள்.